பழைய ராலே லென்டன்: பெயிண்டை உரிப்பதா, விட்டுவைப்பதா, சக்கரத்தை மாற்றுவதா?

நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டனில் குடியிருக்கிறேன். போன அக்டோபரில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். தோட்டத்துக் கொட்டகையை ஒழிக்கக் கைகொடுக்கப் போயிருந்தேன். மண்வெட்டிகளுக்கும் காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்களுக்கும் பின்னால், பழைய திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு ஒரு சைக்கிள் நின்றது. ராலே நிறுவனத்தின் பச்சை நிற லென்டன் மாடல், 1950-களின் நடுவில் செய்தது. அவர் கணவர் இளைஞராக இருந்தபோது தவணையில் வாங்கியதாம். “ஓட்டுவதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், சும்மா நிறுத்திவைப்பதாக இருந்தால் வேண்டாம்” என்றார். ஓட்டுவேன் என்று சொல்லி எடுத்துவந்தேன்.

வந்த நாள் முதல் கை பரபரத்தது. ஆனாலும் ஸ்பேனரைத் தொடாமல் இரண்டு மாதம் யோசித்தேன். இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால் போகிற வழி மூன்று. ஒன்று, நம்மூர்க் கடைகளில் ‘ஓவராயில்’ என்பார்களே, அது: பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, எண்ணெயும் கிரீஸும் போட்டுத் திரும்பப் பூட்டுவது. பெயிண்டும் முலாமும் இருக்கிறபடியே இருக்கும். இரண்டு, முழுப் புதுப்பிப்பு: ஃபிரேமை வெறும் இரும்பாக உரித்துப் புதுப் பெயிண்ட், புது குரோம், புது எழுத்துகள். மூன்று, ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு சக்கரம், பிரேக், கியர் எல்லாவற்றையும் இன்றைய உறுப்புகளாக மாற்றித் தினப்படி ஓட்டுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகிக் கழற்றக்கூடிய எதையும் மாற்றலாம், கழற்றியதைப் பத்திரமாக எடுத்துவைத்தால் போதும். உரித்த பெயிண்ட் மட்டும் திரும்பி வராது. அதனால் பெயிண்ட் பற்றிய முடிவைக் கடைசியில்தான் எடுக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் அதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

லென்டன் என்பது நாட்டிங்காமில் ராலே தொழிற்சாலை இருந்த பேட்டையின் பெயர். அந்த இடத்தில் இப்போது நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் நிற்கிறது. சைக்கிள் வீரர் ரெக் ஹாரிஸ் 1949, 1950, 1951, பிறகு 1954 என நான்கு முறை தொழில்முறை ஸ்பிரின்ட் உலகப் பட்டம் வென்ற காலம் அது. அவர் ஓட்டுவது ராலே என்பதுதான் அந்த நிறுவனத்தின் விளம்பர வாசகமே. ஹாரிஸ் ஓட்டிய பந்தயத் தடச் சைக்கிளை வாங்க வசதியில்லாத தொழிலாளி வீட்டுப் பையன், அதே தொழிற்சாலையிலிருந்து வந்த லென்டனை வாங்கினான். வாரநாளில் வேலைக்குப் போனான், ஞாயிற்றுக்கிழமை பீக் மாவட்டத்து மலைச் சாலைகளில் ஏறினான். மட்கார்டு, பின்னால் பை, வளைந்த ஹேண்டில்பார், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் கியர். பந்தயத்துக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருந்த வண்டி.

எந்த வழி என்று யோசிக்கும் முன் கையில் இருப்பது என்ன என்று தெரியவேண்டும். பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் கியர் ஹப் இருந்தால் அதன் உறையைத் துடைத்துப் பாருங்கள். மாடல் எழுத்துகளோடு செய்த ஆண்டும், பல சமயம் மாதமும் பொறித்திருக்கும். சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் இது ஒரு தடயம்தான், ஆனாலும் நல்ல தடயம். ஃபிரேமில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. ஸ்டிக்கர் உரிந்திருந்தால் சீட் பில்லரை, அதாவது சீட்டைத் தாங்கும் தண்டை, உருவி அதன் விட்டத்தை அளந்துவிடுங்கள். 27.2 மி.மீ. என்றால், முனைகளில் தடித்து நடுவில் மெலிந்த உயர்ரக 531 குழாயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அளவு குறையக் குறையக் குழாயின் சுவர் தடிமன் கூடுகிறது, வண்டியின் எடையும் கூடுகிறது. என் லென்டனில் ஒரே தடிமன் உள்ள 531. நடுத்தரம்.

இன்னொன்று, ராலேக்கே உரியது. மற்ற இங்கிலாந்து சைக்கிள்களில் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அச்சு உட்காரும் கப்புகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காம் ராலே மட்டும் தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. ஃபோர்க் கப்புகளிலும் அப்படியே. கடையில் கிடைக்கும் கப்பை இதில் திருகினால் ஒரு சுற்று போகும், பிறகு மரையைத் தின்ன ஆரம்பிக்கும். மூன்றாவது வழியை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. பழைய கப் தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். முழுப் புதுப்பிப்பைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், மனதை அதிகம் இழுப்பது அதுதான். கண்ணாடி போல மின்னும் ஒரு 1955 சைக்கிள் வரவேற்பறையில் நிற்பதைக் கற்பனை செய்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஃபிரேமை உரிக்க மணல் அல்லது உலோகத் துகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பார்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் அதே அழுத்தத்தில் சைக்கிள் குழாயில் அடித்தால் சேதம்தான். முனை தடித்த 531 குழாயின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மி.மீ. தடிமன்தான். அடிப்பவருக்குச் சைக்கிள் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே கொடுக்கவேண்டும். இல்லையென்றால் ரசாயனத்தால் உரிப்பது மேல். மெல்ல நடக்கும், ஆனால் இரும்பைத் தின்னாது.

அடுத்து எந்தப் பெயிண்ட். இரண்டு வகை போட்டியில் இருக்கின்றன. பவுடர் கோட்டிங்கில் நிறத்தூளை மின்னேற்றித் தூவி, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் உருக்குகிறார்கள். விலை குறைவு, கல் தெறித்தாலும் தாங்கும், ஒரு வாரத்தில் கையில் கிடைக்கும். பித்தளை ஒட்டு உருகும் வெப்பம் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் ஃபிரேமின் இணைப்புகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் யாராவது எப்போதோ ஒடுக்கு ஒன்றை ஈயத்தால் நிரப்பியிருந்தால் அது அடுப்பில் வழிந்துவிடும். என் நண்பர் ஒருவரின் ஃபிரேமில் அப்படி நடந்து, மேல் குழாயில் சொட்டு சொட்டாகத் தொங்கியது. அதைவிடப் பெரிய குறை, பவுடர் பூச்சின் தடிமன். குழாய்கள் சேருமிடத்தில் லக் என்ற உறை இருக்கிறதே, அதன் விளிம்புகளைக் கையால் அரம் போட்டு மெலிய வைத்திருப்பார்கள். பவுடர் அந்த விளிம்பை மூழ்கடித்துவிடுகிறது. தூரத்தில் பார்த்தால் அழகு, கிட்டே போனால் பொம்மை சைக்கிள்.

இன்னொன்று ஸ்டவ் எனாமல். ஈரப் பெயிண்டைப் பல படலங்களாக அடித்து, ஒவ்வொன்றையும் சூளையில் வாட்டி எடுப்பது. தொழிற்சாலையிலும் இந்த முறைதான். மெல்லிய படலம், லக் விளிம்பு கத்தி போலத் தெரியும், எழுத்துகளுக்கு மேல் வார்னிஷ் பூசலாம். விலை பவுடரைவிட இரண்டு மூன்று மடங்கு போகும், காத்திருக்கவும் வேண்டும். முழுப் புதுப்பிப்பு என்று இறங்கினால் இதைத்தான் செய்யவேண்டும் என்பது என் கட்சி. பவுடரில் மிச்சமாகும் பணத்துக்கு, அந்த ஃபிரேமைச் செய்தவரின் கைவேலையை மறைத்துவிட்டோம் என்று ஆகக்கூடாது.

நிறம் பிடிப்பதும் சுலபமில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய சைக்கிள்களில் வெள்ளிப் பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிற வார்னிஷை அடித்துச் செய்த நிறங்கள் உண்டு. வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், கிளிப்பின் அடியில் மறைந்திருந்த பக்கம் வேறு நிறம். எதைப் ‘பழைய நிறம்’ என்று கொள்வது? என் வண்டியில் பம்ப் கொக்கியின் அடியில் இருக்கும் பச்சையும் மேல் குழாயின் பச்சையும் ஒன்றல்ல. ஃபிரேமை உரிக்க முடிவு செய்தவர்கள் அந்த மறைவிடத்து நிறத்தை, பகல் வெளிச்சத்தில், பெயிண்ட் அட்டையோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்கும் ராலேயின் சின்னமான கொக்குப் படத்துக்கும் மறுபதிப்பு டிரான்ஸ்ஃபர்கள் (ஒட்டுப்படங்கள்) கிடைக்கின்றன. 1955 முதல் இயங்கும் வெட்டரன்-சைக்கிள் கிளப் போன்ற சங்கங்களில் பழைய கேட்டலாக் பார்த்து எது எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் ஒட்டிவிட்டு, பத்து ஆண்டு தள்ளிய எழுத்தோடு வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குரோம் வேலைதான் பணத்தை விழுங்கும். பழைய முலாமை எடுத்து, குழி விழுந்த இரும்பைத் தேய்த்து மட்டமாக்கி, செம்பு, நிக்கல், பிறகு குரோம் என்று ஏற்றவேண்டும். ரிம், ஹேண்டில்பார், கிராங்க் என்று கணக்குப் போட்டால் லென்டன் போன்ற ஒரு வண்டியின் சந்தை விலையை அது சுலபமாகத் தாண்டும். அமிலத் தொட்டியில் ஊறிய எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடையலாம் என்பதால், ஹேண்டில்பார், ஃபோர்க் மாதிரி உயிரைத் தாங்கும் உறுப்புகளை வேலை தெரியாதவரிடம் கொடுக்கக் கூடாது.

எப்போது இந்த வழி சரி? முன்பே யாரோ வீட்டு பிரஷால் பெயிண்ட் அடித்து, பழையது போய்விட்டிருந்தால். துரு, படலமாக இல்லாமல் குழியாக இறங்கியிருந்தால். ஒடிந்த குழாயை மாற்றவேண்டி வந்து, அந்தத் தீயில் எப்படியும் பெயிண்ட் கருகப்போகிறது என்றால். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தயங்காமல் செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். இல்லாதபோது உரித்தால் எழுபது ஆண்டை உரிக்கிறோம். என் லென்டனின் மேல் குழாயில், சீட்டுக்கு ஒரு சாண் முன்னால், இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அந்த வீட்டுக்காரர் தினமும் வாசல் சுவரின் செங்கல் முனையில் சாய்த்துவைத்த இடம். சுவரில் அதே உயரத்தில் பச்சைக் கோடு இருப்பதை அந்த மூதாட்டி எனக்குக் காட்டினார். எந்தப் பட்டறையிலும் காசு கொடுத்து அதைச் செய்துவாங்க முடியாது.

ஓவராயில் வழியில் செலவு குறைவு, நேரம் அதிகம். இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பாகம் உயிர் பெறுவதைப் பார்க்கலாம்.

குரோமில் இருக்கும் துரு பெரும்பாலும் மேலோட்டமானது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். குரோமைவிட அலுமினியம் மென்மையானது, கீறாது. நட்டு, போல்ட்டு போன்ற சின்ன இரும்புச் சாமான்களுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல். மரத்தை வெளுக்க விற்பதுதான். வெந்நீரில் கரைத்து ஓர் இரவு போட்டுவைத்தால் துரு கரைந்து, பெயிண்ட் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சில நிறங்கள் மங்கும், ஆகவே மறைவிடத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். அலுமினியத்தையும் காட்மியம், துத்தநாக முலாம் போட்ட சாமானையும் அதில் போடவே கூடாது. அது நஞ்சு என்பதால் கையுறை அவசியம், முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசவேண்டும். ஃபிரேமுக்கு வெறும் சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு. தேய்ந்த இடங்களில் மெழுகை இரண்டு முறை ஏற்றுங்கள், துரு பிடிக்காது.

பால்ரஸ்களைப் புதிதாக மாற்றுங்கள், கோன்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எந்தச் சைக்கிளுக்கும் இதே வேலை. காட்டர் பின் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும், பழைய கிராங்க் பாழாவது இதில்தான். பின் என்பது கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஒரு ஆப்பு. அதை இறுக்குவது நட்டு அல்ல. அழுத்தி உள்ளே தள்ளவேண்டும், நட்டு அதைப் பிடித்துவைக்க மட்டும். கழற்றும்போது சுத்தியலால் அடித்தால் அடி முழுவதும் அச்சு வழியாகப் பால்ரஸ்களில் இறங்கிக் கப்பில் குழி விழும். அந்தக் கப் 26 மரை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டர் பின் அழுத்தி ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ செய்யுங்கள். வேறு வழியே இல்லை, சுத்தியல்தான் என்றால் கிராங்கின் அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்துத் தரையோடு தாங்கவைத்து ஒரே அடி. இரண்டு பின்களையும் எதிரெதிர்த் திசையில் போட்டால்தான் பெடல்கள் நேர்கோட்டில் நிற்கும். நாற்பது ஐம்பது மைல் ஓட்டியபின் மறுபடி ஒரு முறை அழுத்தவேண்டும்.

ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பைப் பிரிக்கப் பலர் பயப்படுகிறார்கள். பல சமயம் பிரிக்கவே வேண்டாம். உறையில் இருக்கும் எண்ணெய்த் துளையில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி வடித்து, பிறகு மெல்லிய எந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு, இரண்டு நாள் சும்மா சுழற்றிவிட்டாலே உள்ளே பசையாகிப்போன பழைய எண்ணெய் இளகி, டிக் டிக் என்ற அந்த ஓசை திரும்ப வந்துவிடும். 1936-இல் வந்த ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப்பில் நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் அதில் முக்கால், மேல் கியர் ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 133 சதவீதம். கேபிள் சரியாக இல்லாவிட்டால் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் ஒன்றும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அது வந்தால் பார்மீது விழவேண்டியதுதான். நடுக் கியரில் வைத்து, வலதுபக்க நட்டின் துளைவழியே பாருங்கள். கியர் கேபிளோடு சேரும் சின்னச் சங்கிலி தொடங்கும் தண்டின் முனை அச்சின் முனையோடு மட்டமாக நிற்கவேண்டும். ஒரு நிமிட வேலை, அதை விட்டுவிடாதீர்கள்.

என் வண்டியில் இருப்பது எஃப்.டபிள்யூ. என்ற நான்கு கியர் ஹப். நேரடிக் கியருக்குக் கீழே 79, 67 சதவீதம் என்று இரண்டு, மேலே 127 சதவீதம் ஒன்று. பீக் மாவட்டத்து ஏற்றங்களுக்கு அந்த 67 பெரிய கொடை. இன்று இதற்கு உதிரி கிடைப்பது ஏ.டபிள்யூ.வைவிடக் கடினம். ஆனாலும் அதை மாற்ற எனக்கு மனமில்லை.

இந்த வழியின் உண்மையான குறை பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை விழுந்தால் பிரேக் கட்டை வழுக்குகிறது. கட்டை பிடிக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற நேரத்தில் சந்திப்பைத் தாண்டிவிடுவோம். இதற்காகவே தோல் முகப்பு வைத்த கட்டைகள் விற்றார்கள். ஈரத்தில் அவை ரப்பரைவிட மேல்தான், ஆனாலும் அலுமினிய ரிம்முக்குப் பக்கத்தில் வரமுடியாது. இங்கிலாந்தில் மழையைத் தவிர்த்து ஓட்டுவேன் என்பவர் ஓட்டமாட்டார் என்றே பொருள். நான் ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அங்கேதான் மூன்றாவது வழி எனக்குத் தேவைப்பட்டது, பாதி அளவுக்கு.

இன்றைய சக்கரம் போடுவது என்றால் முதலில் அளவுக் குழப்பத்தைத் தாண்டவேண்டும். டயரில் எழுதியிருக்கும் அங்குலத்தை நம்பாதீர்கள். டயர் உட்காரும் ரிம்மின் விட்டத்தை மி.மீ.யில் கேளுங்கள். 26 × 1¼ என்றால் 597. 26 × 1⅜ என்றால் 590. பெயரில் கால் அங்குலத்தில் பாதி வித்தியாசம், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27 × 1¼ என்றால் 630, இன்றைய 700சி என்றால் 622. நம் ஊரின் கறுப்புச் சைக்கிளில் இருக்கும் 28 × 1½ என்பது 635.

1970-களின் டாஸ் கேலக்ஸி, கார்ல்டன் போன்ற வண்டி உங்களிடம் இருந்தால் வேலை எளிது. 630-இலிருந்து 622-க்கு மாறினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்கினால் போதும், பெரும்பாலான பழைய பிரேக்குகளுக்கு அவ்வளவு நீளம் உண்டு. டயர் தேர்வு நூறு மடங்கு விரிகிறது. பின் ஃபோர்க்கின் அகலம்தான் இடிக்கும்: ஐந்து கியர் காலத்து வண்டியில் 120 மி.மீ., ரிம் பிரேக் வைத்த பிற்கால ரோடு ஹப் 130. எஃகு ஃபிரேமை அளவு பார்த்து மெல்ல விரிக்கலாம், தெரிந்த பட்டறையில் செய்வார்கள். அந்தக் காலத்து வண்டிகளுக்கு மூன்றாவது வழியை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆயிரக்கணக்கில் செய்தவை, நன்றாக ஓடப் பிறந்தவை. ஆனால் பீக் மாவட்டத்தில் 2014-இல் தொடங்கிய எரோய்க்கா பிரிட்டானியா மாதிரியான பழைய வண்டி விழாக்களில் கலந்துகொள்ள ஆசை இருந்தால், 1987-க்கு முந்தைய தோற்றத்தைக் கெடுக்காதீர்கள். பிரேக் பிடியோடு சேர்ந்த இன்றைய கியரைப் போட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

50-களின் லென்டனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 597 அளவு டயருக்கு இன்று இரண்டு மூன்று வகைதான் கிடைக்கும். அலுமினிய ரிம் அந்த அளவில் அரிது. 590-க்கு மாறினால் கட்டை 3.5 மி.மீ. மேலேயோ கீழேயோ நகரவேண்டுமா என்று கேட்பார்கள்: சின்ன ரிம், எனவே அச்சைப் பார்த்து உள்ளே, அதாவது கீழே. டயர் எங்கும் கிடைக்கும். ஆனால் இன்னொரு தடை: பழைய ஆங்கிலேய வழக்கப்படி முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. முன்னுக்கு 32 துளை ரிம் கிடைக்கிறது. பின்னுக்கு 40 துளை அலுமினிய ரிம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். 36 துளை ஹப் உறை ஒன்றை வாங்கிப் பழைய உள்ளுறுப்புகளை அதில் மாற்றிக்கொள்வது ஒரு நல்ல உபாயம். பழைய சக்கரமும் உறையோடு முழுசாக மிஞ்சும்.

காட்டர் பின் கிராங்கை எடுத்துவிட்டு இன்றைய கிராங்க் போட நினைப்பவர்கள்தான் 26 மரையில் மாட்டுகிறார்கள். 24 மரையாக வெட்டிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வெட்டினால் திரும்பமுடியாது, ஃபிரேமில் மிஞ்சும் மரையும் பலவீனம். மரையே தேவைப்படாமல் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் அச்சுகள் விற்கிறார்கள், அதைப் போடுங்கள். இல்லை, காட்டர் பின்னையே ஒழுங்காகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் போட்ட காட்டர் பின் கிராங்கில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

இதுவரை சொன்னது தொழிற்சாலை வண்டிக்கு. கையால் செய்த ஃபிரேமுக்குக் கணக்கு வேறு. கிளாபமின் கிளாட் பட்லர், பின் குழாய்களை வளைத்து அழகு பார்த்த ஹெட்சின்ஸ் போன்றவர்கள் பெரும்பாலும் ஃபிரேமாகத்தான் விற்றார்கள். வாங்கியவர் சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு பாகமாக வாங்கிப் பூட்டினார். பிரிட்டனில் அப்போது பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதைச் சைக்கிள் பந்தயக்காரர்களின் சங்கமே அனுமதிக்கவில்லை. விடியற்காலையில் ஒருவர் பின் ஒருவராக நேரத்தோடு போட்டியிட்டார்கள். 1942 ஜூனில் பெர்சி ஸ்டாலர்ட் லான்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்குக் கூட்டப் பந்தயம் நடத்தியது பெரிய கலகமாகவே பேசப்பட்டது. போட்டிக்குச் சைக்கிளிலேயே போய், ஹேண்டில்பாரின் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்த இலேசான சக்கரங்களை மாட்டி, மட்கார்டைக் கழற்றி ஓட்டிவிட்டு, திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ‘அசல் உறுப்பு’ என்று எதைச் சொல்வது? சொந்தக்காரர் ஆண்டுக்கு ஒன்று மாற்றிக்கொண்டேதான் இருந்தார். மாறாமல் நின்றது ஃபிரேமும், அதன் லக்குகளைச் சுற்றித் தூரிகையால் இழுத்த மெல்லிய கோடுகளும்தான். ஆகவே கையால் செய்த ஃபிரேமில் உறுப்புகளுக்கு நான் கொடுக்கும் சுதந்திரம் அதிகம், பெயிண்டுக்குக் கொடுக்கும் சுதந்திரம் ஏறக்குறைய இல்லை.

நம்மூர் தொடர்பு ஒன்றையும் சொல்லவேண்டும். 1949-இல் சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. 1960-இல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ராலேயையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. என் அப்பாவின் ஹெர்குலிஸும் இந்த லென்டனும் அந்த வகையில் உறவு. உணர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது கம்பி பிரேக் வைத்த ஆங்கிலேய ரோட்ஸ்டர் (நம் கறுப்புச் சைக்கிள் மாதிரி நிமிர்ந்து ஓட்டும் வண்டி) என்றால், 635 டயர் முதல் பிரேக் கம்பிகள் வரை இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். லென்டன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

என் முடிவு இப்படி அமைந்தது. பெயிண்டையும் எழுத்துகளையும் தொடவில்லை. கிராங்க், ஹப், ஃபோர்க் எல்லாம் ஓவராயில். பின்சக்கரம் பழைய இரும்பு ரிம், 40 கம்பி, 597 டயரோடு அப்படியே. முன்சக்கரத்துக்கு மட்டும் பழைய ஹப்பில் 590 அலுமினிய ரிம்மைக் கோத்துக் கோட்டம் எடுத்தேன். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்பதால், அந்த ஒரு மாற்றத்திலேயே மழைநாள் பயம் போய்விட்டது. முன்னும் பின்னும் வேறு வேறு டயர் அளவு என்பது சிலருக்கு உறுத்தும், எனக்கு உறுத்தவில்லை. கழற்றிய இரும்பு ரிம் மாடியில், எந்த வண்டியுடையது என்று எழுதிய சீட்டோடு தொங்குகிறது. புரூக்ஸ் தோல் சீட் காய்ந்து விறைத்திருந்தது. அடிப்பக்கம் தோல் மெழுகு தடவி, முன்முனைத் திருகை ஒரு சுற்றுக்கு மேல் இறுக்காமல் விட்டேன். தாங்குகிறது.

எந்த வழியில் போவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள்கூட இன்று இரவே செய்யவேண்டியது ஒன்று உண்டு. சீட் பில்லரும் ஹேண்டில் தண்டும் பல ஆண்டுகள் அசையாமல் இருந்து ஃபிரேமோடு பிடித்திருக்கும். அலுமினியமாக இருந்தால் எஃகோடு சேர்ந்து உப்புப் பூத்து இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். முறுக்கித் திருகி ஃபிரேமை நெளித்துவிட்டால் பிறகு மூன்று வழியும் அடைபடும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்க் அச்சைக் கழற்றிய துளைவழியே ஊடுருவும் எண்ணெயைச் சீட் குழாய்க்குள் விடுங்கள். மறுநாளும் விடுங்கள். ஒரு வாரம் கழித்து, மரக்கட்டையால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி விடுங்கள். என் லென்டனில் பதினோராம் நாள் காலையில்தான் அது அசைந்தது.